தேசிய விடுதலை இயக்கத்தை இடதுசாரிகள் எதுவரை ஆதரிப்பது? 1964 ஒப்பந்தத்தை முன்வைத்து

1. குன்னூர் வாசகன்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த மழைக்காலம் முழுக்க லெனினின் தேசிய இனப் பிரச்சினைக் கட்டுரைகள்தான் ஓடின. ஒடுக்கும் தேசத்தின் தேசியம் வேறு, ஒடுக்கப்படும் தேசத்தின் தேசியம் வேறு, இரண்டையும் ஒரே தட்டில் நிறுக்காதே என்ற வாதம் வரை எல்லோரும் தலையாட்டினோம். பிறகு கோத்தகிரிப் பக்கம் டான்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டத்தில் இருந்து வரும் ஒரு தோழி கேட்ட கேள்வியில் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பெரியவர்களும் இங்கே இருப்பதால் அதை அப்படியே போடுகிறேன்.

1964 ஜூனில் இலங்கையில் சிரிமாவோ பண்டாரநாயக்க அரசில் லங்கா சமசமாஜக் கட்சி சேர்கிறது. என்.எம். பெரேரா நிதியமைச்சர் ஆகிறார். ஆசியாவிலேயே பெரிய டிராட்ஸ்கியக் கட்சி அது. சிரிமாவோ அரசோ அமெரிக்க, பிரிட்டிஷ் எண்ணெய் கம்பெனிகளின் சொத்தை எடுத்துக்கொண்ட, அணிசேராத, ஏகாதிபத்திய எதிர்ப்பு பேசிய அரசு. அந்த அரசுதான் 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு கையெழுத்துப் போட்டு, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஒத்துக்கொண்டது. 3,00,000 பேருக்கு அங்கே குடியுரிமை. மிச்சம் 1,50,000 பேரின் கணக்கை அப்புறம் பார்ப்போம் என்று தள்ளிவைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள்.

தோழியின் கேள்வி: "ஒடுக்கப்பட்ட தேசத்தின் தேசியத்தில் ஜனநாயக உள்ளடக்கம் இருக்கிறது என்கிறீர்கள். எங்கள் பாட்டியைக் கப்பலேற்றிய தேசியமும் அதில் சேர்த்தியா?"

பதில் சொல்ல வந்தவர்கள் பாதிப்பேர், தேசிய சுயநிர்ணயக் கோரிக்கையை மறுத்த ரோசா லக்சம்பர்க் பக்கம் சாய்ந்தார்கள். மீதிப்பேர், அது சமசமாஜிகளின் துரோகம், லெனினை ஏன் இழுக்கிறீர்கள் என்றார்கள். உங்கள் கருத்து?

2. பழைய தோழர்

கேள்வி நியாயமானது. அதை வைத்து லெனினைத் தள்ளிவிட்டு ரோசாவிடம் போவதுதான் சரியில்லை.

வரலாற்றை வரிசையாகப் பார்ப்போம். 1907 ஸ்டுட்கார்ட் மாநாட்டில் ஐரோப்பிய சோசலிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான இரண்டாம் அகிலத்துக்குள்ளேயே "சோசலிசக் காலனிக் கொள்கை" ஒன்று வேண்டும் என்று தீர்மானம் வந்தது. ஹாலந்தின் வான் கோல் அதை முன்மொழிந்தார். 127க்கு 108 என்ற கணக்கில்தான் அது தோற்றது. ஐரோப்பிய சோசலிஸ்டுகளில் ஏறத்தாழ பாதிப்பேர், காலனி இருக்கட்டும், நல்லபடியாக நடத்தினால் போதும் என்ற மனநிலையில் இருந்தார்கள் என்று பொருள். ஏழு ஆண்டுகளில் அந்தக் கட்சிகளில் பெரும்பாலானவை முதல் உலகப் போரில் தத்தம் அரசின் போர்க்கடனுக்குக் கை தூக்கின. இந்தச் சூழலில்தான் லெனின் சுயநிர்ணய உரிமையைப் பிடித்துக்கொண்டு நின்றார். 1916 டப்ளின் எழுச்சியை வெறும் சதிக்கிளர்ச்சி என்று ராடெக் தள்ளியபோது, கலப்படமில்லாத சமூகப் புரட்சிக்குக் காத்திருப்பவன் அதை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை என்று லெனின் பதில் எழுதினார்.

அவர் தந்த ஆதரவு நிபந்தனை இல்லாதது அல்ல. 1920 ஜூலையில் கம்யூனிஸ்ட் கட்சிகளின் மூன்றாம் அகிலத்தின் இரண்டாம் மாநாட்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் எம்.என். ராயோடு வாதித்த பிறகு, ஆய்வுரையில் "முதலாளித்துவ ஜனநாயக இயக்கம்" என்றிருந்த இடங்களில் "தேசியப் புரட்சிகர இயக்கம்" என்று மாற்றினார்கள். விவசாயிகளையும் சுரண்டப்படுவோரையும் நாம் திரட்டுவதை அந்த இயக்கம் தடுக்காதவரைதான் ஆதரவு என்று லெனின் தெளிவாகச் சொன்னார். சிரிமாவோ அரசு இந்தச் சோதனையில் தேறாது. அதில் சேர்ந்த சமசமாஜக் கட்சியை டிராட்ஸ்கியர்களின் நான்காம் அகிலமே வெளியேற்றியது. எட்மண்ட் சமரக்கொடியும் பாலா தம்புவும் பிரிந்து தனிக்கட்சி கண்டார்கள். இதில் லெனினின் குற்றம் எங்கே?

3. தேவாலாக்காரன்

//சமசமாஜக் கட்சியை நான்காம் அகிலமே வெளியேற்றியது//

தோழர், துரோகம் என்று சொல்லி முடித்துவிட்டால் கட்சிக்குக் கட்சி ஒரே துரோகம் ஏன் நடந்தது என்ற கேள்வி நின்றுபோகும். விஜேவீர தலைமையில் இயங்கிய ஜே.வி.பி.யை (மக்கள் விடுதலை முன்னணி) எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அரசில் இல்லை, அரசை எதிர்த்து 1971இல் துப்பாக்கி தூக்கியவர்கள். பயிற்சிக்கு வரும் இளைஞர்களுக்கு விஜேவீர நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று "இந்திய விரிவாதிக்கம்". அந்த வகுப்பில் மலையகத் தொழிலாளி, அதாவது இலங்கைத் தோட்டத்துத் தமிழர், யார்? இந்தியாவின் கையாள். நாட்டிலேயே அதிகம் சுரண்டப்பட்ட பாட்டாளியை, ஏகாதிபத்திய எதிர்ப்பின் பெயரிலேயே எதிரி முகாமில் நிறுத்தினார்கள். இத்தனைக்கும் விஜேவீர முதலில் இருந்தது சண்முகதாசன் தலைமையிலான சீனச் சார்புக் கட்சியில். தோட்டங்களில் செங்கொடிச் சங்கம் வைத்திருந்த கட்சி அது, தலைவரும் தமிழர்.

நாடாளுமன்றவாதிகள், ஆயுதம் தூக்கியவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் வழுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில் தரை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

4. சாரல்

ரோசா பக்கம் சாய்ந்த கூட்டத்தில் நானும் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1908-09இல் போலந்துக் கட்சிக்காக எழுதிய கட்டுரைகளில் ரோசா சொன்னது இதுதான்: வர்க்கச் சமூகத்தில் "தேசம்" என்று ஒருமித்த ஓர் உரு கிடையாது. அதற்குள் எதிரெதிர் நலன்கள் இருக்கின்றன. சுயநிர்ணயம் என்றால் யாருடைய சுயம், யார் நிர்ணயிப்பது? போலந்து விஷயத்தில் அவர் கணக்கு தப்பியது, 1918இல் தனிநாடு வந்துவிட்டது, உண்மை. ஆனால் மேலே தோழி கேட்ட கேள்வி கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை ரோசாவின் கேள்வி.

எனக்கு ரோசாவின் பெரிய பங்களிப்பு சுயநிர்ணய விவாதத்தில் இல்லை. 1913இல் வந்த மூலதனத் திரட்டல் பற்றிய நூலில் இருக்கிறது. முதலாளித்துவம் தன் வட்டத்துக்கு வெளியே இருக்கும் நிலத்தையும் உழைப்பையும் ஓயாமல் தின்றுதான் உயிர் வாழ முடியும் என்பது அதன் வாதம். பிரிட்டிஷ் இந்தியாவின் பொது நிலங்களுக்கும் அல்ஜீரியாவின் கூட்டு நிலங்களுக்கும் என்ன நடந்தது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். லெனினின் ஏகாதிபத்திய நூல் பெரும்பாலும் வங்கி, ஏகபோகம், மூலதன ஏற்றுமதி என்று லண்டன், பெர்லின் பக்கம் நின்று பார்க்கிறது. ரோசா நிலம் பறிபோகும் பக்கம் நின்று பார்க்கிறார்.

நம் மலைக்கு இரண்டும் தேவை. தேவாலா, பந்தலூரில் 1880ஐ ஒட்டி நடந்த தங்க வேட்டையைப் பாருங்கள். லண்டனில் கம்பெனி மேல் கம்பெனி தொடங்கி, பங்கு விற்று, இயந்திரங்களை மலையேற்றிக் கொண்டுவந்தார்கள். சில வருடத்தில் மொத்தமும் திவால். மண்ணில் கிடைத்த தங்கத்தைவிடப் பங்குச் சந்தையில் கைமாறிய பணம்தான் அதிகம். நிதி மூலதனம் பற்றி ஹாப்சனும் ஹில்ஃபெர்டிங்கும் எழுதுவதற்கு இருபது முப்பது வருடம் முன்பே அது கூடலூர்க் காட்டில் கூடாரம் போட்டிருந்தது. நடுவட்டத்துச் சின்கோனாவும் அப்படித்தான். பெருவில் இருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கம் கூட்டம் எடுத்துவந்த விதை, இங்கே சீனக் கைதிகளின் உழைப்பு, அதில் வந்த கொயினா மாத்திரை மலேரியா மண்டலங்களில் வெள்ளைக்காரப் பட்டாளத்தைச் சாகாமல் காத்தது. ஒரு மரப்பட்டைக்குள் மூன்று கண்டம்.

தோட்டத் தொழிலாளியும் இப்படித்தான் உருவாக்கப்பட்டவர். பஞ்சத்தில் அடிபட்ட திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரத்து மக்களைக் கங்காணி கூட்டிப்போனான். தேசம் என்ற சட்டகம் வருவதற்கு முன்பே மூலதனம் அவர்களை எல்லை தாண்டி நட்டுவிட்டது. பிறகு வந்த தேசிய விடுதலைக் கோட்பாடு எதிலும் அவர்களுக்குப் பெட்டி இல்லை.

5. மலைமுரசு

இத்தனை சுற்று வேண்டாம். இடதுசாரிகளுக்குத் தமிழர் என்றாலே கணக்கில் வராது. அங்கே சிங்கள இடது, இங்கே டெல்லி இடது. 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்று அறிவிக்கப் பெரியார் ஒருவருக்குத்தான் துணிச்சல் இருந்தது. யாழ்ப்பாணமும் மலையகமும் தமிழ்நாடும் ஒரே தேசமாக நின்றிருந்தால் இந்த ஒப்பந்தமே வந்திருக்காது. அதை விட்டுவிட்டு ரோசா, லெனின், ஸ்டுட்கார்ட்.

6. கொழுந்து

முதல் பதிவில் சொல்லியிருக்கிற கேள்வி என்னுடையது. நான் சேரம்பாடியில் பிறந்தவள், இப்போது கோத்தகிரி. அம்மா டான்டீயில் கொழுந்து எடுத்தவர். தாத்தா பாட்டி இலங்கை ஹட்டன் பக்கத்து லயத்தில் (தோட்ட லைன் வீடு) இருந்து மண்டபம் முகாம் வழியாக வந்தவர்கள்.

மலைமுரசு அண்ணாவுக்கு முதலில். ஒரே தேசமாக நின்றிருந்தால் என்கிறீர்கள். 1948 ஆகஸ்டில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தமிழ்க் காங்கிரஸ் எதிர்த்து ஓட்டுப் போட்டது, சரி. அதன் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் கொஞ்ச நாளில் அதே அரசில் அமைச்சர் ஆனார். டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வசிப்பாளர் சட்டம் வந்தபோது ஆதரித்தார். எதிர்த்து வெளியே வந்த செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சி தொடங்கினார். 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் வந்தபோது, மலையகத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் அது மலையகத்துக்குப் பொருந்தாது என்று ஒதுங்கிக்கொண்டார். காரணம் எளிது: கேட்கிற நாட்டின் வரைபடத்தில் நுவரெலியா இல்லை. மொழி ஒன்றாக இருந்தும் எங்களுக்கு அந்த வீட்டில் திண்ணைதான்.

சிங்கள இடது என்று மொத்தமாகச் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. என் கேள்வியே அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது, அவர்கள் ஆரம்பத்தில் இருந்தே மோசமானவர்களாக இருந்திருந்தால் கேள்வியே இல்லையே.

1940 ஜனவரியில் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தம். போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். அந்தச் சங்கத்தை நடத்தியவர்கள் சமசமாஜிகள். அதற்கும் முன்னால் 1937இல் பிரேஸ்கர்டில் என்கிற ஆஸ்திரேலிய இளைஞர், தோட்டத்துக்குத் துரையாகப் பழக வந்தவர், கூலியாட்கள் பக்கம் நின்று மேடையேறிப் பேசினார். கவர்னர் நாடுகடத்த உத்தரவு போட்டார். அவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றி, கோர்ட்டில் ஜெயித்தும் காட்டியவர்கள் சமசமாஜிகள். 1942இல் சிறையை உடைத்து இந்தியாவுக்குத் தப்பி வந்து, போல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சி என்று கட்டி, வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இறங்கினார்கள். அதே சமயம் இங்கே இருந்த கம்யூனிஸ்ட் கட்சி மக்கள் யுத்தம் என்று சொல்லி ஒதுங்கி நின்றதும் எல்லாருக்கும் தெரியும். 1948இல் எங்கள் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து இடதுசாரிக் கட்சிகள் எல்லாமே ஓட்டுப் போட்டன.

இப்போது 1948ஐயும் 1964ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் என்ன மாறியது? அவர்களின் புத்தக அலமாரி மாறவில்லை. எங்கள் ஓட்டு போனது.

1947 தேர்தலில் தோட்டத் தமிழர் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடம் ஜெயித்தது. வேறு பல தொகுதிகளில் தோட்ட ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. பிரதமர் டி.எஸ். சேனநாயக்க குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். குடியுரிமை போனது, 1949இல் வாக்குரிமையும் போனது. மலையகத் தொகுதிகள் அப்படியே இருந்தன, ஓட்டு மட்டும் கண்டியச் சிங்கள விவசாயி கைக்கு மாறியது. அதன்பிறகு நாடாளுமன்றத்தில் இடம் வேண்டும் என்கிற எந்தக் கட்சிக்கும் எங்களால் லாபம் இல்லை, எங்களுக்காகப் பேசினால் நஷ்டம் மட்டும் உண்டு. அந்தக் கணக்கு வேலை செய்யப் பத்துப் பதினைந்து வருடம் பிடித்தது, அவ்வளவுதான். 1956இல் "ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு" என்று சொன்னவர் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1966 ஜனவரி 8 அன்று தமிழ்மொழி விதிகளை எதிர்த்து ஊர்வலம் போனார்கள், அதில் பிரதமர் டட்லியின் வயிற்றில் மசால்வடை என்று கோஷம். ஊர்வலத்தில் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்த்தி. 1972இல் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்த 29ஆம் பிரிவு இல்லாத அரசியலமைப்பை எழுதிய அமைச்சர் யார்? அதே கொல்வின்.

அடுத்ததுதான் எனக்கு மிக முக்கியம். 1975இல் வெள்ளைக்காரக் கம்பெனித் தோட்டங்களை அரசுடைமை ஆக்கினார்கள். பாடப்புத்தகத்தில் போடுகிற மாதிரி ஏகாதிபத்திய எதிர்ப்பு நடவடிக்கை. அதற்குச் சற்று முன்புவரை பெருந்தோட்டத் துறை அமைச்சராக இருந்தவரும் கொல்வின்தான். அதற்கு முந்தைய வருடம் தோட்டங்களில் பட்டினிச் சாவு. தேசியமயமான சில தோட்டங்களில் இருந்து எங்கள் ஆட்களை அடித்து விரட்டிவிட்டு நிலத்தைப் பங்கு போட்டார்கள். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் நிலம் எடுப்பதை எதிர்த்தபோது சிவனு லட்சுமணனைச் சுட்டார்கள். பாட்டியிடம் கேட்டால் நேஷனலைஸ் ஆன வருஷம் என்று சொல்ல மாட்டார், பஞ்ச வருஷம் என்பார்.

தோழர் சொன்ன லெனின் நிபந்தனையை நான் மறுக்கவில்லை. அதை எப்போது, யாரை வைத்துச் சோதிப்பது என்பதுதான் என் கேள்வி.

7. தேவாலாக்காரன்

//அவர்களின் புத்தக அலமாரி மாறவில்லை. எங்கள் ஓட்டு போனது.//

இதற்கு மேல் கோட்பாடு பேசுகிறவர்கள் இதைத் தாண்டித்தான் பேச வேண்டும். டெல்லியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரு இருந்தவரை அவர்கள் இலங்கையின் மக்கள், அங்கேதான் குடியுரிமை தர வேண்டும் என்ற நிலையில் இருந்தார். அவர் போன ஐந்தே மாதத்தில் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்தாகிவிட்டது. சீனாவோடு சண்டை முடிந்த சூடு, அண்டை நாட்டோடு நல்லுறவு தேவை. இரண்டு அணிசேரா அரசுகள், பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான மக்கள், அவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை.

8. நடுவட்டம்

நான் வேறு திசையில் இருந்து வருகிறேன், கோபப்பட வேண்டாம்.

டான்டீ எந்த நிலத்தில் வந்தது? 1968இல் தாயகம் திரும்பியோருக்காகத் தேயிலைத் திட்டம் தொடங்கினார்கள், 1976இல் கழகமாக்கினார்கள். பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம், கொளப்பள்ளி என்று நட்ட இடமெல்லாம் காடு. அங்கே பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் என்ற பழங்குடிகள் இருந்தார்கள். அதற்கு மேலே நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம உரிமை (பரம்பரை நில உடைமை). அதை ஒழிக்க 1969இல் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் வந்து, அந்த வழக்குகள் தலைமுறை தாண்டியும் ஓடின. நிலப்பிரபுத்துவ ஒழிப்பு, அகதி மறுவாழ்வு, இரண்டும் முற்போக்கான காரியங்கள். பணியர் கைக்கு என்ன வந்தது?

இங்கே சிலர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பாணியில் "குடியேற்றக் காலனியம்" என்று எழுதிப் பார்க்கிறார்கள். அதில் கொழுந்து அக்காவின் பாட்டி குடியேறி, பணியர் பூர்வகுடி, கதை முடிந்தது என்று ஆகிவிடும். அது அபத்தம். எடுத்த எடுப்பில் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டவரைக் காலனியாதிக்கவாதி என்று எப்படிச் சொல்வது? ஆனால் மறுபக்கம், அனுப்பியவர்கள் மேல் கேட்கிற கேள்வியை இறக்கிவைத்த இடத்திலும் கேட்டாக வேண்டும். தேசத்தின் கணக்கில் வராத ஒரு கூட்டத்தை, இன்னொரு தேசத்தின் கணக்கில் வராத கூட்டத்தின் நிலத்தில் உட்காரவைத்தார்கள். 2022இல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்ப அரசாணை வந்தபோது மறுபடியும் இரண்டு தரப்பும்தான் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

சாரல் சொன்ன ரோசா இந்த இடத்தில் உதவுவார் என்று நினைக்கிறேன். லெனின் பக்கத்தில் இதற்குக் கருவி இருந்தால் பழைய தோழர் காட்டட்டும்.

9. மட்டுறுத்துநர்

ஐந்தாம் பதிவுக்குக் கீழே வந்த இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறோம். சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் இழையைப் பூட்டிவிடுவோம். தொடருங்கள்.

10. பழைய தோழர்

கொழுந்து தோழர் எழுதியதை இருமுறை வாசித்தேன். வாக்குரிமைப் பறிப்பு இடதுசாரிகளின் அடித்தளத்தையே மாற்றியது என்ற விளக்கம் துரோகம் என்று நான் எழுதியதைவிட ஆழமானது, பொருள்முதல்வாத விளக்கமும் அதுவே. இருந்தாலும் அதிலிருந்து ரோசாவுக்குப் பாலம் போட முடியாது.

ரோசாவின் வழியில் போனால் என்ன நடக்கும்? தேசத்துக்குள் வர்க்கம் இருக்கிறது, ஆகவே தேசிய விடுதலை நம் வேலை இல்லை என்று ஒதுங்குவோம். 1942இல் இங்கே அப்படி ஒதுங்கியதன் விலையைக் கட்சி பல பத்தாண்டு கொடுத்தது. காரணம் வேறு, சோவியத் யூனியன் போரில் இருந்தது, ஆனால் விளைவு ஒன்றுதான்: தெருவில் மக்கள், உள்ளே கட்சி. மறுகோடியில் சீனா. தேசிய முதலாளியோடு கூட்டு என்று தேசியவாதக் கட்சியான கோமிண்டாங்குக்குள் கட்சியையே கரைத்ததன் விலை 1927 ஏப்ரலில் ஷாங்காய் வீதிகளில் தெரிந்தது. இந்த இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் 1920 ஆய்வுரை ஒரு வரப்பு போட்டிருக்கிறது. கூட்டு சேர், கரைந்துபோகாதே, பாட்டாளி இயக்கம் கருவாக இருந்தாலும் அதன் தனித்தன்மையை விடாதே. ராய் காங்கிரசை மொத்தமாக நிராகரிக்கச் சொன்னார், காந்தியைப் பிற்போக்கு என்றார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் நாம் இன்னும் தனிமைப்பட்டிருப்போம்.

நடுவட்டம் கேட்டதற்கு: 1853இல் பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவைப் புரட்டிப்போடும் என்று எழுதிய மார்க்ஸ், 1869இல் அயர்லாந்து பற்றி எங்கெல்சுக்கு எழுதும்போது மாறிவிட்டார். ஆங்கிலேயத் தொழிலாளி எழுந்தால் அயர்லாந்து விடுபடும் என்று முன்பு நினைத்ததைக் கைவிட்டு, அயர்லாந்தில்தான் நெம்புகோலைப் போட வேண்டும் என்றார். 1881இல் வேரா ஸாசுலிச்சுக்கு ரஷ்யக் கிராமச் சமுதாயம் பற்றி எழுதியபோது, எல்லா நாடும் இங்கிலாந்து வழியில்தான் போக வேண்டும் என்பதில்லை என்றார். பணியர் நிலத்தைப் பற்றிப் பேச அங்கிருந்து தொடங்கலாம்.

கடைசியாக ஒன்று. ஒரு தேசிய இயக்கம் எல்லாத் தொழிலாளியையும் குடிமகனாக ஏற்றால்தான் ஆதரவு என்று நிபந்தனை போட்டால், உலகில் எந்தக் காலனி எதிர்ப்பு இயக்கம் தேறும்? அல்ஜீரியா தேறுமா? பர்மா தேறுமா? வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை நடக்கும்போது ஓரமாக நின்று குடியுரிமை மசோதாவைச் சரிபார்த்துக்கொண்டிருப்பீர்களா?

11. இலைக்காரர்

கோத்தகிரியில் ரெண்டு ஏக்கர் தேயிலை, கூடவே கட்சி உறுப்பினர் அட்டை. நீங்க எல்லாரும் 1920, 1964ன்னு போறீங்க, எனக்கு இப்ப ஏகாதிபத்தியம் எங்க இருக்குன்னு யாராச்சும் சொன்னா தேவலை.

சோவியத் இருந்தப்ப நம்ம மலைத் தூளுக்கு அங்க நல்ல கிராக்கி. 1991ல அது உடைஞ்சது. 90கள் முடியறப்ப பச்சை இலை விலை படுத்தது, அப்புறம் எழுந்திரிக்கவே இல்லன்னு சொல்லலாம். குன்னூர் ஏலத்துல விலையை நிர்ணயிக்கறது விரல்விட்டு எண்ணற பெரிய பாக்கெட் கம்பெனிங்க, நாங்க ஃபேக்டரி சொல்ற ரேட்டுக்கு மூட்டையைப் போட்டுட்டு வர்றோம். சமனற்ற பரிமாற்றம்னு இம்மானுவேல் 1969ல எழுதினதை வாசிப்பு வட்டத்துல விளக்குனாங்க, சரின்னு பட்டது. ஆனா அதே நேரத்துல, 2000ல டாடா டீ போயி இங்கிலாந்து டெட்லியை 27.1 கோடி பவுண்டுக்கு வாங்குது. அடிமை நாட்டு முதலாளி ஆண்ட நாட்டோட டீ பிராண்டை வாங்குறான்! இவன் அந்நிய மூலதனத்துக்கு ஏஜெண்டான தரகு முதலாளியா, தேசிய முதலாளியா, இல்ல இவனே சின்ன ஏகாதிபத்தியமா? 1964ல இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஒடைஞ்சதுல பாதிக் காரணம் இந்தக் கேள்விதானே? ML தோழர்கிட்ட கேட்டா அரைக்காலனின்னு சொல்றார், அரைக்காலனிக்காரன் எப்படி ஐயா லண்டன்ல கடை வாங்குறான்?

லிப்டன் உள்பட யூனிலீவரோட தேயிலை யாவாரத்துல பெரும்பகுதி 2022ல சி.வி.சி.ன்னு ஒரு முதலீட்டு நிதியத்துக்குப் போயிடுச்சு. டீயைப் பத்தி அவங்களுக்கு என்ன அக்கறை, விலைக்கு வாங்கி விலைக்கு விக்கறவங்க. சாரல் சொன்ன தேவாலாத் தங்கக் கதை ஞாபகம் வருது.

இன்னொண்ணு. 2015ல மூணாறுல தமிழ்ப் பொம்பளைங்க போனஸ், கூலி கேட்டு ரோட்டுல உட்கார்ந்தாங்களே, பெண்கள் ஒற்றுமைன்னு. தேசியச் சங்கம், செங்கொடிச் சங்கம் எல்லாத் தலைவரையும் கிட்ட வராதேன்னு விரட்டுனாங்க. அது எந்தப் பெட்டியில வரும்?

12. சாரல்

இலைக்காரர் அண்ணா, டாடா பற்றிய கேள்விக்கு பிரேசிலின் ரூய் மவுரோ மரினி "துணை ஏகாதிபத்தியம்" என்று ஒரு பதில் வைத்திருக்கிறார். மேலே உள்ள மூலதனத்தைச் சார்ந்தும் இருக்கும், கீழே உள்ள நாடுகளைச் சுரண்டவும் செய்யும், உள்ளூர்த் தொழிலாளியை மிகையாகப் பிழிந்துதான் அந்த இடத்தில் நிற்கும். இந்தியாவுக்கு முழுசாகப் பொருந்துகிறதா என்பது தனி இழைக்கு உரிய சண்டை. ஆனால் ஒன்று கவனியுங்கள், "இந்திய விரிவாதிக்கம்" என்று ஜே.வி.பி. சொன்னதன் முதல் பாதி முழுப் பொய் அல்ல. இந்திய மூலதனம், இந்திய அரசு, இரண்டுக்கும் அண்டை நாடுகள் மேல் கண் உண்டு. பொய் இரண்டாம் பாதியில் இருந்தது, அதற்கு அடையாளமாக லயத்துப் பெண்ணைக் காட்டியதில்.

பழைய தோழருக்கு: ரோசா ஒதுங்கச் சொல்லவில்லை. காலனியக் கொடுமையை அவரளவு விரிவாக எழுதிய ஐரோப்பியர் அந்தத் தலைமுறையில் குறைவு. அவர் மறுத்தது தேசிய அரசை இலக்காக வைப்பதை.

13. கொழுந்து

//ஓரமாக நின்று குடியுரிமை மசோதாவைச் சரிபார்த்துக்கொண்டிருப்பீர்களா?//

இல்லை தோழர். நான் சொன்ன உதாரணத்தையே பாருங்கள். 1942இல் சிறை உடைத்து வந்து வெள்ளைக்காரனை எதிர்த்த அதே ஆட்கள்தான் 1948இல் எங்களுக்காக ஓட்டுப் போட்டார்கள். இரண்டையும் ஒரே கட்சி செய்ய முடிந்திருக்கிறது. ஓரமாக நிற்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லையே. நிபந்தனை போட்டால் தனிமைப்பட்டுவிடுவோம் என்ற பயம் 1964இல் வந்தது, 1942இல் வரவில்லை. 42இல் அவர்கள் கேட்டது சுதந்திரம், 64இல் கேட்டது மந்திரி பதவி. அதற்காக 1963இல் மற்ற இடதுசாரிகளோடு கட்டிய ஐக்கிய இடதுசாரி முன்னணியையும் 21 கோரிக்கைகளையும் கைவிட்டுவிட்டுப் போனார்கள்.

நடுவட்டம் தம்பி சொன்னது உறைக்கிறது, உறைக்க வேண்டியதுதான். எங்கள் லைனுக்குப் பின்னால் பணியர் பாடி (குடியிருப்பு) இருக்கிறது. சங்கக் கூட்டத்துக்கு அவர்களை நாங்கள் கூப்பிடுவதில்லை, அவர்களில் தற்காலிக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சங்கத்தில் பெயரும் இல்லை. என் சோதனையை எங்கள் சங்கத்துக்கும் வைக்கிறேன்: கணக்கில் இல்லாதவர் யார் என்று கூட்டு சேரும்போதே கேள், ஆட்சிக்கு வந்த பிறகு கேட்காதே. லெனின் நிபந்தனையில் சுரண்டப்படுவோரைத் திரட்டுவதைத் தடுக்கக்கூடாது என்று இருக்கிறது. திரட்டுவதற்கு அந்த ஆள் நாட்டில் இருக்க வேண்டுமே. 1964 ஒப்பந்தம் சங்கத்தைத் தடை செய்யவில்லை, சங்கத்தின் ஆட்களைக் கப்பலில் ஏற்றியது. அதனால்தான் அது நிபந்தனைக்குள் மாட்டாமல் நழுவியது.

14. பழைய தோழர்

ஓட்டு இல்லாதவரையும் குடியுரிமை இல்லாதவரையும் நிபந்தனையின் முதல் வரியில் வைக்க வேண்டும் என்றால் எனக்கு மறுப்பு இல்லை. அது லெனினைத் திருத்துவது ஆகாது, நீட்டிப்பது. ரோசாவைப் பற்றி சாரலோடு எனக்குள்ள சண்டை தனியாக இருக்கட்டும்.

ஆனால் சமசமாஜிகள் அத்தனை பேரும் மந்திரி பதவிக்கு மயங்கினார்கள் என்று எழுதாதீர்கள். அந்தக் கூட்டணி அரசு 1964 டிசம்பர் 3 அன்று ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. ஆளுங்கட்சியின் சி.பி. டி சில்வா கட்சி மாறினார் என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். எதிர்த்து விழுந்த ஓட்டுகளில் எட்மண்ட் சமரக்கொடியுடையதும் மெரில் பெர்னாண்டோவுடையதும் உண்டு. வலதுசாரியோடு சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள் என்ற பழியை வாழ்நாள் முழுக்கச் சுமந்தார்கள்.

15. கொழுந்து

அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த ஓட்டு அரசின் கொள்கை விளக்க உரைமீது வந்த திருத்தத்துக்கு. ஒப்பந்தம் அப்போது கையெழுத்தாகி ஒரு மாதம் தாண்டிவிட்டது, அரசு கவிழ்ந்தும் அது கவிழவில்லை. அடுத்து டட்லி வந்தார், எங்கள் தொண்டமானும் அவருக்கு ஆதரவு. 1967இல் ஒப்பந்தத்தை நிறைவேற்றும் சட்டத்தைக் கொண்டுவந்தது அந்த அரசு. என்.எம். பெரேரா அந்தத் தடவை நிதியமைச்சராக இருந்தது ஜூன் முதல் டிசம்பர் வரை, ஆறு மாதம்.

அடுத்த கூட்டத்துக்கு 1920 ஆய்வுரையையும் ராயின் துணை ஆய்வுரையையும் எடுத்திருக்கிறோம். இந்தத் தடவை எங்கள் லைனுக்குப் பின்னால் இருந்து இரண்டு பேரை அழைத்து வருகிறேன். நடுவட்டம் தம்பி, பணியர் பாஷை தெரிந்தவர் நம்மில் நீங்கள் ஒருவர்தான், ஞாயிற்றுக்கிழமை கைகாட்டி வழியாக வரும் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள்.